எந்த செக்சன் ஓட்டை

கடையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ரிப்பேர் வேலை பார்க்கிற உங்களில் யாராவது இன்னும் போர்டைப் படம் பிடித்து அனுப்பி, "எங்கீங்ணா பாக்கறது?" என்று கேட்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கினாலும் என் கண்ணுக்குக் கால்வாசிதான் தெரிகிறது. தெரிந்த மட்டும் சொல்லி அனுப்புகிறேன். போன வாரம் ஒரு தம்பி வேறு மாதிரி கேட்டார். "உங்க கையாலயே கெட்டுப்போன வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

போனில் பதில் அடிக்கக் கை ஓடவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

கெட்டுப்போன வேலைகள் நிறைய. டிவி எரிந்திருக்கிறது. ஆம்ப்ளிபயர் புகைந்திருக்கிறது. ஒருவருடைய கல்யாண வீடியோவை மொத்தமாக அழித்திருக்கிறேன். வந்தவர்கள் திட்டினார்கள், போனார்கள், நான் அடுத்த வேலையைக் கையில் எடுத்தேன். ஒரு கேம் பெட்டியின் டிஸ்க் டிரைவில் மட்டும் அப்படி நகர முடியவில்லை.

நான் படித்தவன் இல்லை. எட்டாவது பாதியில் நிறுத்திவிட்டு சாமளாபுரத்தில் தறிக்குப் போனேன். தறிச் சத்தம் பொறுக்காமல் சூரத்துக்கு ரயிலேறினேன். அங்கேயும் தறிதான் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பம்பாயில் ரேடியோ கடை, கோவாவில் டிவி, சென்னையில் கம்ப்யூட்டர் என்று சுற்றினேன். கடை வாசலில் படுத்த நாட்கள் உண்டு, சாப்பிடாமல் வேலை செய்த நாட்கள் உண்டு. அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். ஒரு வேலை கைக்கு வந்ததும் எனக்கு அது சலித்துவிடும். சலித்ததும் ஊர் மாறிவிடுவேன். வேலம்பாளையத்தில் கடை போட்டபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் ஓட இடமில்லை என்பதால் நின்றேன்.

கடையைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள். நம் ஊரில் ஆளைப் பெயர் கேட்பதில்லை. "எந்த செக்சன்?" என்றுதான் கேட்போம். டைலர், அயர்னிங், செக்கிங், பேக்கிங். ரிப்பேருக்கு வருகிற பொருளின் மேல் நானும் அப்படித்தான் எழுதி ஒட்டுவேன். கம்ப்யூட்டரில் சேமிக்கும்போதும் அதே பெயர்தான். இது பின்னால் வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் போட்டு ஆடுகிற பழைய கேம் பெட்டிகளை உங்களில் பாதிப் பேர் திறந்திருக்க மாட்டீர்கள். அவற்றில் ஒரு வகைக்கு ஒரு குணம் உண்டு. பெட்டியின் போர்டுக்கும் டிஸ்க் டிரைவுக்கும் நடுவே ஒரு ரகசிய எண் இருக்கும். அதைக் கீ என்போம். டிரைவ் கெட்டுப்போனால் வேறு டிரைவ் வாங்கி மாட்டினால் போதாது. பழைய டிரைவின் கீயைப் புது டிரைவில் எழுதினால்தான் பெட்டி அதைத் தன்னுடையது என்று ஏற்கும். கீ தொலைந்துவிட்டால் பெட்டி ஆயுசுக்கும் டிஸ்க் படிக்காது.

விலை மலிவான காப்பி டிஸ்க் ஓட வைக்க அந்த டிரைவை மாற்றிக் கொடுப்பது அப்போது எனக்கு நல்ல வேலை. நியாயமான வேலை என்று சொல்ல மாட்டேன். டிரைவில் ஒரு சிப் இருக்கும். அதன் தலையில் குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய ஓட்டை போட்டால் உள்ளே பூட்டாக இருக்கும் ஒரு கம்பி அறுந்துபோகும். பிறகு நம் இஷ்டத்துக்கு அதில் எழுதலாம். ஒரு மயிரிழை ஆழம் கூடினால் சிப் செத்தது. நாற்பது சிப்புக்கு மேல் ஓட்டை போட்டிருந்தேன். ஒன்றும் சாகவில்லை. அதனால் அந்த வேலை எனக்குச் சலித்திருந்தது.

டிரில் பிட் நானே செய்தது. நிட்டிங் மெஷினில் உடைகிற ஊசிகள் நம் ஊரில் குப்பையாகக் கிடைக்கும். அதில் ஒன்றை உரசி முனை வைத்துப் பிட்டாக்கியிருந்தேன். கடைப் பிட்டைவிட மெல்லியது, கூர்மையானது என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டுவேன். அது வளையும் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் வந்தார். பக்கத்துக் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியன்களைப் புரட்டிப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிற வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கழுத்தில் ஐடி கார்டு, கையில் அரிசிப் பை, பைக்குள் கேம் பெட்டி.

"அண்ணாச்சி, இதுல எல்லா டிஸ்க்கும் ஓடுத மாதிரி பண்ணித் தருவியளாம்லா?"

"பண்ணலாமுங்கம்மிணி. பசங்க ஆடறதுக்குங்களா?"

"பிள்ளைய இல்ல. எங்க வீட்டுக்காரரு ஆடுதாவ."

நான் சிரித்துவிட்டேன். "குடுத்து வெச்ச ஆளுங்க. நமக்கெல்லாம் பொட்டி முன்னால உக்கார நேரம் எங்கீங்க இருக்குது?"

"அவியளுக்கு நேரந்தான் இருக்கு அண்ணாச்சி. கைதான் இல்ல."

பிறகு சொன்னார். கணவர் தங்கதுரை கட்டிங் மாஸ்டர். அடுக்கி விரித்த துணியை வெட்டுகிற மெஷினின் கத்தி வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து அறுந்த நரம்புகளைத் தைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்தபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான். இந்த ஒரு மாதம் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் தைத்த நரம்பு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் விரல் மடங்காது, கத்தரி பிடிக்க முடியாது.

"அமுக்குங்கன்னு பந்து குடுத்தாவ. தூக்கித் தெருவுல எறிஞ்சுட்டாவ. நான் பிடிச்சு மடக்கிவிட்டா கத்துதாவ. மொதலாளி வீட்டம்மா அவங்க மவன் ஆடுன பெட்டின்னு இதக் குடுத்து விட்டாவ. கார் ஓட்டுற ஆட்டம். வலது ஆள்காட்டி விரல மடக்கி அமுக்குனாத்தான் கார் ஓடும். அதுல ஒக்காந்தா நாலு மணி நேரம் அமுக்குதாவ, வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவ."

"அப்பறமென்னுங்க?"

"இருந்தது ஒரு டிஸ்க்கு. எல்லா ரேஸும் ஜெயிச்சாச்சாம். ரெண்டு நாளா சும்மா இருக்காவ. புது ஆட்டம் வேணும் அண்ணாச்சி. சாயங்காலம் அஞ்சரைக்கு வாரேன், கையோட கொண்டு போயிருதேன்."

"அதுக்கென்னுங்க. வாங்க" என்றேன்.

பெட்டியைத் திறந்து டிரைவைக் கழற்றினேன். முதல் வேலையாகக் கீயை எடுத்து, செக்கிங் என்று பெயரிட்டுச் சேமித்தேன். கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. எப்போதும் அழுத்துகிற பதிலை அழுத்திவிட்டு டிரில்லை எடுத்தேன்.

ஊசி தொட்டதும் வளைந்தது. முனை பக்கவாட்டில் சறுக்கியது. சறுக்கியதே என்று ஒரு அழுத்து அழுத்தினேன். அந்த அழுத்தை இன்னும் என் கட்டைவிரல் மறக்கவில்லை. சடக்கென்று உள்ளே போய்விட்டது. டிரைவை மாட்டிப் பார்த்தேன். டிஸ்க் வைக்கிற தட்டு திறக்கவில்லை. விளக்கு எரியவில்லை. சுத்தமாகச் செத்துவிட்டது.

மணி மூன்று. ஐந்தரைக்கு எஸ்தர் வருவார். இரண்டரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது. அதில் டிரைவைப் பற்றி நான் நினைத்தது கொஞ்சம். அவரிடம் என்ன சொல்வது என்று நினைத்ததுதான் அதிகம். நம் தொழிலில் நீங்கள் கவனிக்க வேண்டிய நேரம் அதுதான். கை தவறுவது எல்லோருக்கும் நடக்கும். தவறிய பிறகு வாய் திறக்கிறதே, அப்போதுதான் பாதிப் பேர் விழுகிறோம்.

"லென்ஸ் வீக்கா இருக்குதுங்கம்மிணி" என்றேன் ஐந்தரைக்கு. "ரெண்டு நாள் குடுங்க."

"அப்ப நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சே?"

"பாக்கறதுக்கு ஓடுமுங்க. உள்ளார வீக்கு."

ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு நாளில் வேறு டிரைவ் மாட்டி, கீயை எழுதி, ஓட வைத்துக் கொடுத்துவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்றுதான் கணக்குப் போட்டேன். என்னிடம் பழைய பெட்டியிலிருந்து எடுத்த, ஏற்கெனவே ஓட்டை போட்ட டிரைவ் ஒன்று கிடந்தது. கீயும் கம்ப்யூட்டரில் இருந்தது.

புதன்கிழமை அந்த டிரைவில் செக்கிங் கீயை எழுதி மாட்டினேன். தட்டு திறந்தது, மூடியது, டிஸ்க் சுற்றியது. ஆனால் பெட்டி ஏற்கவில்லை. ரிப்பன் ஒயரைக் கழற்றி மாட்டினேன். கரண்ட் வருகிறதா என்று ஒவ்வொரு முனையாக அளந்தேன். மோட்டாரைப் பார்த்தேன். வியாழக்கிழமையும் அதுதான். வேறு வேலை எதையும் தொடவில்லை. எல்லா இடத்தையும் பார்த்தேன், நான் கை வைத்த இடங்களைத் தவிர. என் கை சரியாகத்தான் செய்திருக்கும் என்று நம்பிக்கொண்டு மெஷினைச் சந்தேகப்பட்டேன்.

எஸ்தர் தினமும் மதியம் வந்தார். சண்டை போடவில்லை. நின்றுகொண்டே கையைப் பற்றிச் சொல்வார். நேற்று இவ்வளவு மடங்கியது, இன்று இவ்வளவுதான் என்று தன் விரலை மடக்கிக் காட்டுவார். ஒவ்வொரு நாளும் அந்த விரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை வந்தபோது கையில் சின்ன பாட்டில். அவர்கள் செக்சனில் துணிக் கறையைப் போக்கத் துப்பாக்கி மாதிரி ஒன்றில் ஊற்றி அடிப்பார்களே, அந்தத் தண்ணி.

"லென்ஸ் அழுக்காத்தான இருக்கும்? சூப்பர்வைசருக்குத் தெரியாம ஊத்திக்கிட்டு வந்தேன் அண்ணாச்சி. எண்ணெக் கறை, மசிக் கறை, எல்லாம் போவும். தொடச்சுப் பாருங்க."

அந்தத் தண்ணி பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். லென்ஸ் பிளாஸ்டிக். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். லென்ஸில் கோளாறே இல்லை என்று சொல்ல வேண்டி வரும். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, பட்டும் படாமலும் ஒரு தடவு தடவினேன்.

கண்ணெதிரே லென்ஸ் பால் மாதிரி வெளுத்தது.

"போச்சுங்களா கறை?" என்று என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார் அவர். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தார்.

"பாக்கறனுங்க" என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு வந்தது நிம்மதி. இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். லென்ஸ் கெட்டுவிட்டது, இனி நான் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி. செவ்வாய்க்கிழமை வாயால் உண்டாக்கிய பழுதை வெள்ளிக்கிழமை கையால் உண்டாக்கிவிட்டேன். அதற்குப் பிறகு நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். வேறு லென்ஸ் தேடினேன். திங்கட்கிழமை கிடைத்தது, மாட்டினேன். டிஸ்க் சுற்றியது. பெட்டி ஏற்கவில்லை. புதன்கிழமை எந்த இடத்தில் நின்றேனோ அதே இடம்.

செவ்வாய்க்கிழமை மதியம் எஸ்தர் வந்தபோது நான் டிராயரைத் திறந்து திருகு தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே பழைய டிரைவின் போர்டு, செக்கிங் என்று நான் ஒட்டிய சீட்டோடு கிடந்தது.

"அது எங்க பெட்டில இருந்ததுதான அண்ணாச்சி?"

மூடுவதற்குள் எடுத்துவிட்டார். துணியைப் பார்க்கிற மாதிரி டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். நான் ஒரு வாரமாகப் பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்க்கத் துணியாததை அவர் ஒரே பார்வையில் கண்டார். ஐடி கார்டின் பின்னால் ஒட்டி வைத்திருந்த அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்துச் சிப்பின் மேல் ஒட்டினார். பனியனில் பழுதைக் காட்ட ஒட்டுகிற ஸ்டிக்கர். கை தானாகச் செய்துவிட்டது. அம்பு நேராக ஓட்டையைக் காட்டியது.

"இது எந்த செக்சன் ஓட்டை அண்ணாச்சி?"

"புரியலீங்க."

"பனியன்ல ஓட்டை இருந்தா மொதல்ல அதத்தான் கேப்போம். நிட்டிங்ல விழுந்ததுன்னா ஓரத்துல நூலு தொங்கும். கத்தரி பட்டதுன்னா ஓரம் நறுக்குன்னு இருக்கும். தையல் ஊசின்னா சின்னதா, வரிசையா இருக்கும். பாத்தாலே எந்த செக்சன்காரன் பண்ணுனதுன்னு தெரிஞ்சிரும். இது பெட்டியோட வந்ததா? இங்க வந்து விழுந்ததா?"

"இங்கதானுங்க."

"யாரு?"

"நானுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, சறுக்கியது, அழுத்தியது, லென்ஸ் பொய், அவர் கொண்டுவந்த தண்ணியை ஏன் தடுக்கவில்லை என்பது. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கே சொல்லிருந்தா மொதலாளி வீட்டம்மா கால்ல விழுந்தாவது வேற பெட்டி கேட்டுருப்பேம்லா. ஒரு வாரம். ஒரு வாரமா நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு அவியகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். விரலு நிமிந்தபடி நிக்கி."

போர்டை மேசைமேல் வைத்துவிட்டு அவரே கேட்டார்.

"சரி. ஓட்டை விழுந்ததத்தான் வேற மாத்திட்டியளே. லென்ஸும் மாத்தியாச்சு. பின்ன ஏன் ஓடல?"

"அதுதானுங்க தெரியல."

"மொதல்லயிருந்து சொல்லுங்க. பெட்டிய வாங்குன ஒடனே என்ன பண்ணுனிய?"

கீயை எடுத்ததைச் சொன்னேன். கீ என்றால் என்ன என்றும் சொன்னேன். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் காட்டினேன். செக்கிங் என்ற பெயரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். லாட் நம்பரும் தேதியும் பார்க்காமல் அவர்கள் எந்த மூட்டையையும் தொடுவதில்லை.

"இந்தத் தேதில நாங்க ஊர்ல கோயில் பண்டிகைக்குப் போயிருந்தோம் அண்ணாச்சி. பெட்டியே எங்ககிட்ட இல்ல."

ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. அப்போது வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் இதே வகைப் பெட்டி கொண்டுவந்தார். அவரும் செக்கிங்.

"ரெண்டு லாட்டுக்கும் ஒரே பேரு வச்சியளா?" என்றார் எஸ்தர். "கம்ப்யூட்டரு ஒண்ணும் சொல்லலியா?"

"கேட்டுச்சுங்க."

"என்ன சொன்னிய?"

"நோ."

என் பழக்கம் அது. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். கம்ப்யூட்டர் நீளமாக எது கேட்டாலும் நோ அழுத்திவிடுவேன். எஸ் அழுத்தினால் எதையாவது அழித்துவிடும், நோ அழுத்தினால் இருப்பது இருக்கும் என்று யாரோ சென்னையில் சொன்னது. பல வருடம் என்னைக் காப்பாற்றிய நோ. அன்று அது கேட்டது, இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று. நோ என்றேன். இருந்தது இருந்தது. எஸ்தருடைய கீ எங்கேயும் சேரவில்லை. அதன் ஒரே பிரதி, நான் ஓட்டை போட்டுக் கொன்ற சிப்புக்குள் இருந்தது.

ஒரு வாரம் நான் தேடிய பழுதை அவர் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து என்ன? சிப் திரும்பி வரப்போவதில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பெயரோடு தேதியும் ஊரும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதை ஒரு தடவை திறந்து பாருங்கள். பழுது தேடும்போது உங்கள் கை பட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் நாளே சொல்லிவிடுங்கள். வந்து நிற்பவருக்கு வேறு வழி இருக்கலாம். நாம் வாயை மூடிக்கொண்டால் அந்த வழியையும் சேர்த்து மூடுகிறோம்.

எஸ்தர் மறுநாளே முதலாளி வீட்டில் போய்க் கேட்டார். "அந்த ஒண்ணுதான் இருந்துச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டார்களாம். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம், காப்பி டிஸ்க்கும் ஓடுகிற அதே வகைப் பெட்டி இருந்தது. வெளியூர் போயிருந்தார். அவர் வந்து, நான் போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரும்போது வெள்ளிக்கிழமை. பெட்டி என் கையை விட்டுப் போயிருக்க வேண்டிய நாளிலிருந்து பத்து நாள்.

அவர்கள் இருந்தது வரிசை வீட்டில் ஒரு அறை. தங்கதுரையை அப்போதுதான் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். பிளஸ் டூ வரை படித்தவர். வலது கையை மடியில், மல்லாத்தி வைத்திருந்தார். வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது.

"வாங்க அண்ணாச்சி. பெட்டி டாக்டரு" என்றார். கிண்டலா, மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை.

டிவியில் மாட்டினேன். எஸ்தர் கடையில் வாங்கி வைத்திருந்த புது ஆட்டத்தைப் போட்டேன். ஓடியது. தங்கதுரை கண்ட்ரோலரை எடுத்து வலது விரலை அழுத்தப் பார்த்தார். விரல் முதல் கணுவில் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். நெற்றியில் வியர்த்தது. கார் கோட்டிலேயே நின்றது.

"மெதுவாப் பண்ணுங்க" என்றார் எஸ்தர். "மொத நாளு அப்படித்தான் இருக்கும்."

தங்கதுரை ஆட்டத்தை நிறுத்தினார். இங்கிலீஷில் வந்த பட்டியலைக் கடகடவென்று படித்து, இரண்டு இடம் உள்ளே போய், எதையோ மாற்றினார். பிறகு வலது கையைத் திரும்ப மடியில் வைத்துவிட்டு, கண்ட்ரோலரை இடது கையில் மட்டும் பிடித்தார். வேகத்துக்கான பொத்தானை இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டிருந்தார். இடது கட்டைவிரல் வண்டியைத் திருப்பியது, இடது ஆள்காட்டி விரல் ஓட்டியது. கார் பறந்தது.

"பாத்தியாட்டி" என்றார் மனைவியைத் திரும்பிப் பார்க்காமல். "ஒத்தக் கையிலயே வருது."

எஸ்தர் டிவியைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து மதியம் கடைக்கு வந்தார். சோற்றுப் பைக்குள் கண்ட்ரோலர்.

"அண்ணாச்சி, இதுல இடது பக்கம் அமுக்குறது வேலை செய்யாமப் பண்ணிருங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. நல்லதைக் கெடுத்துக் கொடுங்கள் என்று அதுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை.

"அவியளுக்குத் தெரிய வேண்டாம். ரிப்பேராயிட்டுன்னு நெனச்சுக்கிடட்டும். வலது பக்கம் மட்டும் இருந்தா வேற வழியில்லாம அமுக்குவாவ. இன்னும் பத்து நாளு இருக்கு. டாக்டரு ஒரு மாசம்னுதான சொன்னாவ."

மறுபடியும் ஒரு பொய். இந்தத் தடவை அவருடையது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அது பலிக்கும் என்றும் ஒரு மூலையில் ஆசைப்பட்டேன். திருகுகளைக் கழற்றி, இடது பொத்தானுக்குப் போகிற ஒயர் ஒன்றை வெட்டி, மூடிக் கொடுத்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தார். கண்ட்ரோலரை மேசைமேல் வைத்தார்.

"என்னாச்சுங்கம்மிணி?"

"இடது பக்கம் அமுக்குனாவ, ஓடல. வலது பக்கம் மாத்திக்கிட்டு அமுக்குனாவ. பல்லக் கடிச்சுக்கிட்டு ரெண்டு தரம் அமுக்குனாவ அண்ணாச்சி, நான் அடுப்படில இருந்து பாத்தேன். கார் நவுரல. கீழ வச்சுட்டுச் சொவரப் பாத்துப் படுத்துட்டாவ. சோறு திங்கல. காலையில நான் கெளம்பும்போதும் அப்படியே கெடக்காவ."

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"பழையபடி ஆக்கிருங்க."

"கை என்னாகறதுங்க?"

"கை போவட்டும் அண்ணாச்சி. ஆளு வேணும்லா."

வெட்டிய ஒயரைச் சேர்த்து ஈயம் வைத்தேன். இரண்டு நிமிட வேலை. கொடுத்ததும் இடது விரலால் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார். சோற்றுப் பையில் வைத்து முடிச்சுப் போட்டார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தார்.